ஒத்திவைக்காத கூட்டம்

"மெம்பரய்யா இருக்காருங்களா?"

வாசலிலிருந்து குரல் வந்தபோது நாகலெட்சுமி குத்துவிளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "இருக்காங்க. சித்த நில்லு" என்றாள்.

சொல்லி முடித்த பிறகுதான் அவள் கை நின்றது.

புருஷன் கணேசமூர்த்தி பட்டினசபைக்கு மெம்பராகப் போன நாளிலிருந்து அந்த வீட்டுக் காலைகள் இப்படித்தான் விடிந்தன. யாராவது வந்து அதே கேள்வியைக் கேட்பார்கள். அவள் அதே பதிலைச் சொல்வாள். சாக்கடைக் கான் அடைத்துக்கொண்டு கக்கூஸ் தண்ணீர் தெருவில் ஓடுகிறது, தெருவிளக்கு எரியவில்லை, சந்தைக்குள் மாடு புகுந்துவிட்டது, லைசென்ஸ் இல்லையென்று நாயைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று எதுவானாலும் சனங்கள் முதலில் வந்து நின்றது கடைவீதி முனையிலிருந்த இந்தத் தையல்கடை வாசலில்தான். கடைக்குப் பின்னால் வீடு.

இன்றைக்குத் துணி வெட்டும் மேசையைச் சுவரோரம் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் பாயை விரித்து அவரைக் கிடத்தியிருந்தார்கள். விடியும் நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தவர், தம்பி செல்லசாமி டொக்டரைக் கூட்டிக்கொண்டு வருவதற்குள் அடங்கிவிட்டார்.

வெளியே பனி விலகவில்லை. படிக்குக் கீழே, குப்பை வண்டியைச் சாய்த்து வைத்துவிட்டுக் காளியாயி நின்றாள். சபையில் தெருக்கூட்டுகிறவள். தலையில் சாக்கை மடித்துப் போட்டிருந்தாள்.

"வேறொன்னுமில்லங்கம்மா. இன்னைக்கு சபையில கூட்டம்னு ஐயா சொன்னாரு. எங்க பைப்பு விசயம் இன்னைக்கு எடுக்கிறாங்களாம். ஒரு வார்த்த ஞாபகப்படுத்திட்டுப் போகலாம்னு..."

நாகலெட்சுமி திரியைக் கீழே வைத்தாள். எழுந்து போய்க் கதவை முழுதாகத் திறந்துவிட்டாள்.

காளியாயி உள்ளே பார்த்தாள். கால் பெருவிரல்கள் சேர்த்துக் கட்டியிருந்தது முதலில் தெரிந்திருக்க வேண்டும். அவள் கையிலிருந்த விளக்குமாறு நழுவியது. ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்து, "நேத்துதானேய்யா வந்தீக" என்றாள்.

நேற்று. அந்த வார்த்தைதான் நாகலெட்சுமிக்குள் முள்ளாகத் தைத்தது. நேற்றுப் பின்னேரம் தூறலில், வேண்டாமென்று அவள் சொல்லச் சொல்ல, மேட்டு லயத்துக்கு ஏறிப் போனவர்தான். நனைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பிவந்தார். சோறு வேண்டாமென்று படுத்தார். அந்த மேடு ஏறாமல் இருந்திருந்தால் என்று விடிந்ததிலிருந்து அவள் மனம் அதையே சுற்றிக்கொண்டிருந்தது. அந்த மேட்டிலிருந்து முதல் ஆளாக ஒருத்தி வந்து நின்று, பைப்பு, பைப்பு என்கிறாள்.

அவள் கதவை விட்டுவிட்டு உள்ளே போய் விளக்கை ஏற்றினாள்.

மேட்டு லயம், ஒன்றோடொன்று ஒட்டிய வரிசை வீடுகளாக, கடைவீதிக்கு மேலே செங்குத்தான சரிவில் இருந்தது. சபையின் கூட்டுகிறவர்களும் பஜாரில் மூட்டை சுமக்கிறவர்களும் அங்கே குடியிருந்தார்கள். தண்ணீருக்கு மறுபக்கப் பள்ளத்தில் இறங்கி ஊற்றுப் பீலியில் பிடித்து, வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏற வேண்டும். அங்கே ஒரு குழாய் போட வேண்டுமென்று கணேசமூர்த்தி கூட்டத்துக்குக் கூட்டம் பேசினார். அந்த லயத்தில் ஒருவருக்கும் பிரஜாவுரிமை இல்லை, அதனால் ஓட்டும் இல்லை. பஜாரில் சிரித்தார்கள். ஓட்டில்லாத சனத்துக்காக எதற்கு இப்படி மல்லுக்கட்டுகிறீர்களென்று நாகலெட்சுமியும் ஒருநாள் கேட்டாள்.

"அவங்க கூட்டுற தெருவுலதானே ஓட்டுப் போடுறவன் நடக்கிறான்" என்றார் அவர், சோற்றைப் பிசைந்துகொண்டே.

"சரி சரி. சோத்துல உக்காந்துக்கிட்டு கூட்டுறதும் கானும் வேணாம்."

எப்போதும் அப்படித்தான் அந்தப் பேச்சு முடியும்.

பொழுது ஏற ஏறச் சனம் வந்தது. வலப்பனையில் கட்டிக்கொடுத்திருந்த மகள் பஸ்ஸில் வந்து இறங்கி, தெரு முனையிலிருந்தே அழுதுகொண்டு ஓடிவந்தாள். தப்புக்காரர்கள் எதிர்க்கடையோரம் சுள்ளியில் தப்பைக் காய்ச்சினார்கள். செல்லசாமி எல்லாவற்றுக்கும் ஆள் ஏவிக்கொண்டு நின்றான். அண்ணனுக்கு எதிலும் குறை வரக்கூடாதென்பது அவன் எண்ணம். தெருவோரத்தில் பச்சை மூங்கிலைப் பிளந்து பாடை கட்டத் தொடங்கியிருந்தார்கள்.

காளியாயி போகவில்லை. கூட்டி முடித்துவிட்டுத் திரும்பிவந்து, கான் ஓரமாகக் குந்தி, வருகிறவர்கள் குடித்த தேத்தண்ணிக் கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை.

உச்சி நேரத்தில் ஹுசைன் நானா வந்தார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஹோட்டல் வைத்திருக்கிறவர். அவரும் சபை மெம்பர். பிரேதத்தின் தலைமாட்டில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நாகலெட்சுமி உட்கார்ந்திருந்த பக்கம் வந்தார்.

"தங்கச்சி, சேர்மன் சொல்லி அனுப்பினாரு. இன்னைக்குப் பின்னேரக் கூட்டத்த ஒத்திவைக்கிறதா முடிவு. கணேசுக்கு சபை செய்யிற மரியாத."

"பெரிய மனசு நானா" என்றான் செல்லசாமி. "அண்ணனுக்கு இதவிட என்ன வேணும்? சபையே நின்னிருச்சின்னு நாலு பேரு பேசுவாங்க."

சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். நாகலெட்சுமியின் கண் தற்செயலாகக் கான் பக்கம் போனது. காளியாயியின் கை கிளாஸுக்குள் அப்படியே நின்றிருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்சம் கழித்து மறுபடியும் கழுவினாள்.

நாகலெட்சுமி பேசாமல் இருந்திருக்கலாம். இன்றைக்கு அவள் பேச வேண்டுமென்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

"எப்பத்துக்கு ஒத்திவைக்கிறாங்க நானா?"

"வாற மாசத்துக்கு."

"வாற மாசம் அந்த மேட்டு லயத்து விசயத்த யாரு எடுப்பாங்க?"

ஹுசைன் தொப்பியைக் கழற்றி, தலையைத் தடவி, மறுபடியும் போட்டுக்கொண்டார். "இன்னைக்கு லிஸ்ட்டுல இருக்கு, வேறொரு மெம்பரும் எடுக்கலாம்; வாற மாசம்னா, கொண்டுவந்தவரு இல்லாம அது அப்பிடியே விழுந்துரும் தங்கச்சி. இந்த வட்டாரத்துக்கு எலக்சன் வைக்கணும், புதுசா ஒருத்தர் வரணும். வாறவருக்கு அதுல மனசு இருக்கணும். இப்ப அதப் பத்தி எதுக்கு?"

"கூட்டத்த நடத்தச் சொல்லுங்க."

"அண்ணி!" செல்லசாமி கிட்டே வந்தான். "என்ன பேச்சுப் பேசுறீங்க? ஊரே பாத்துக்கிட்டிருக்கு. பொணம் வீட்டுல கெடக்கு, அங்க உக்காந்து பைப்பு பேசுவாங்களா?"

"உங்க அண்ணன் சொல்லுறதுதான் தம்பி. சபையில ஒன்ன ஒத்திவச்சா, அதுக்குப் பாடை கட்டியாச்சின்னு அர்த்தமாம்." வெளியே மூங்கில் பிளக்கும் சத்தம் கேட்டது. "இன்னைக்கு இந்த வீட்டுக்கு ஒரு பாடை போதும்."

செல்லசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஹுசைன் குரலைத் தாழ்த்தினார். "ஒங்களுக்குத் தெரியாதா? அந்தப் பைப்புக்கு முன்னுக்கு நின்னு எதிர்ப்புச் சொன்னவனே நான்தான். மேல ஒரு பைப்பு போட்டா பஜாருக்குத் தண்ணி எறங்காது. நான் என்ன செய்ய? நாள் முழுக்கத் தட்டுக் கழுவுற ஹோட்டல்."

"தெரியும் நானா. ராச்சோத்துக்கு உக்காந்தா உங்க பேச்சுத்தான்."

அவரை மீறி ஒரு சிறு சிரிப்பு வந்து போனது. "என்ன சொல்லுவாப்ல?"

"கோபமாத்தான் ஆரம்பிப்பாங்க. கடைசியில, அந்த மனுசன் பயமும் நியாயந்தான், தண்ணி இல்லாம ஹோட்டல் நடத்த முடியுமாம்பாங்க. அப்பறம் மறுபடியும் கோபப்படுவாங்க."

ஹுசைன் பாயின் பக்கம் திரும்பினார். கணேசமூர்த்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தாடையைச் சுற்றிக் கட்டியிருந்த வெள்ளைத் துணிக்குள் அந்த முகம், யாரோ பேசுவதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. பிறகு அவர் படியிறங்கிப் போனார்.

வெயில் சாயத் தொடங்கியதும் எடுத்தார்கள். தப்பு முழங்கியது. பெண்கள் தெருமுனை மட்டும் போனார்கள். பஜாரில் கடைகளின் கதவுகளைப் பாதி சாத்தியிருந்தார்கள். ஊர்வலத்தின் கடைசியில், மற்றவர்களை விட்டுக் கொஞ்சம் தள்ளி, மேட்டு லயத்து ஆண்கள் நடந்தார்கள். சபைக் கட்டடத்துக்குப் பக்கத்தில் தெரு திரும்பியதும் ஊர்வலம் மறைந்தது. தப்புச் சத்தம் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் வந்துகொண்டிருந்தது. மகள் தாயின் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

வீட்டைக் கழுவ வேண்டும். செல்லசாமி பெண்சாதி தெருக்குழாயைத் திறந்து பார்த்துவிட்டு வெறும் குடத்தோடு வந்தாள். "பூட்டிட்டாங்க. இனி காலையிலதான் தண்ணி வரும்."

எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றபோது, கடைக்குப் பின்பக்கம் வாளிச் சத்தம் கேட்டது. காளியாயியும் அவளோடு மேட்டு லயத்துப் பெண்கள் சிலரும் வந்திருந்தார்கள். பீலியிலிருந்து பிடித்த தண்ணீர். பள்ளத்திலிருந்து மேடேறி, மேட்டிலிருந்து பஜாருக்கு இறங்கி வந்ததில் அவர்கள் சேலை இடுப்புவரை நனைந்திருந்தது. பின்வாசலுக்கு வெளியே வாளிகளை வரிசையாக வைத்துவிட்டு விலகி நின்றார்கள்.

செல்லசாமி பெண்சாதி நாகலெட்சுமியைப் பார்த்தாள். அவர்கள் கொண்டுவந்த தண்ணீர் அந்த வீட்டுக்குள் வந்ததில்லை. அவர்களும் வந்ததில்லை.

"உள்ள கொண்டா காளியாயி" என்றாள் நாகலெட்சுமி. "அங்கயே வச்சா யாரு தூக்குறது?"

காளியாயி காலை இரண்டு தரம் படியில் தேய்த்துத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். அவர் கிடந்த இடத்தில் தண்ணீரை ஊற்றினாள். நாகலெட்சுமி விளக்குமாற்றை எடுக்கக் குனிந்தபோது, "நீங்க இருங்கம்மா" என்று வாங்கிக்கொண்டாள். துணி வெட்டியதில் தரையெங்கும் ஒட்டிக்கிடந்த நூல் துணுக்குகள் தண்ணீரோடு சேர்ந்து வாசலைத் தாண்டிப் போயின.

ஆண்கள் மயானத்திலிருந்து திரும்பும் வழியில் ஆற்றில் குளித்துவிட்டு வந்தார்கள். ஹுசைன் நானாவின் வீட்டிலிருந்து அவர் மனைவி செரீபா ஒரு பெரிய சட்டியில் சோறும் பருப்பும் கொடுத்தனுப்பியிருந்தாள். யாரும் இன்னும் கை வைக்கவில்லை. இருட்டுவதற்கு முன்னாடியே ஹுசைனே வந்தார். உள்ளே வராமல் வாசலில் நின்றார். மயானத்து மண் இன்னும் அவர் செருப்பில் இருந்தது.

"கூட்டம் வச்சோம் தங்கச்சி. மயானத்திலயிருந்து நேரா சபைக்குப் போனோம். மொதல்ல எல்லாரும் எழும்பி நின்னோம், கணேசுக்காக. பொறகு..." அவர் செருப்பு மண்ணைப் படியோரத்தில் தட்டினார். "பொறகு அந்தப் பைப்பு விசயத்த எடுக்க நான் எழும்பினேன். சேர்மன் என்னய மேலயும் கீழயும் பாத்தாரு. மத்தவங்களும் கைய ஒசத்திட்டாங்க. இன்னைக்கு யாருக்கும் முடியாதுன்னு சொல்ல வாய் வரல்ல."

செல்லசாமி, ஈரத் தலையோடு, கேட்டுக்கொண்டு நின்றான்.

"ஒரு பைப்புத்தான்" என்றார் ஹுசைன். "காலையில மட்டும் தொறப்பாங்க. பகலைக்குப் பூட்டிருவாங்க. அதுக்கு மேல நான் கேக்கல்ல. பொய் சொல்லக் கூடாது, என் ஹோட்டலும் ஞாபகம் வந்திச்சி."

"போதும் நானா."

"வீட்டுல சோறு அனுப்பியிருக்காங்களே, சாப்பிட்டீங்களா?"

"இனித்தான்."

அவர் தலையசைத்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு செல்லசாமி கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு, "சாப்பிடுங்க அண்ணி" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனான்.

காளியாயி எல்லாவற்றையும் பின்வாசலில் நின்று கேட்டிருந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். நாகலெட்சுமி பின்னால் வந்து படியில் உட்கார்ந்தாள். மேட்டிலிருந்து பனி இறங்கி, லயத்துக் கூரைகளை மூடிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து கேட்காமலே வைத்திருந்த கேள்வியை அவள் இப்போது கேட்டாள்.

"நேத்து அங்க வந்து என்ன செஞ்சாங்க?"

காளியாயி பயந்தவளாகப் பார்த்தாள். நாகலெட்சுமியின் குரலில் கோபம் இல்லையென்று தெரிந்த பிறகே பேசினாள்.

"பைப்பு எந்த எடத்துல வந்தா எல்லா வீட்டுக்கும் தோதுப்படும்னு சுத்திச் சுத்திப் பாத்தாருங்க. ஒரு பெண்டுக்கும் மத்ததுக்கும் சண்ட வரக்கூடாதாம். அப்பறம் நடுவுல ஒரு எடத்தக் காட்டி, கம்பு ஒன்னு கேட்டு வாங்கி அவரே நட்டாரு. பெலமா மூச்சு வாங்குச்சுங்க. உக்காருங்கய்யான்னேன். எங்க வாசல்ல உக்காந்து, தேத்தண்ணி குடுத்தேன், குடிச்சாருங்க."

"குடிச்சாங்களா?"

"கருப்பட்டியக் கடிச்சிக்கிட்டு ரெண்டு கிளாஸ் குடிச்சாரு."

நாகலெட்சுமி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "மழையில அந்தக் கம்பு சாஞ்சிருக்குமே" என்றாள்.

"சாயலிங்கம்மா. சுத்திவரக் கல்ல அடுக்கி வச்சிருக்கோம்."

"எந்தப் பக்கம்?"

காளியாயி கையை நீட்டிக் காட்டினாள். அங்கே பனிதான் இருந்தது. கூரையும் தெரியவில்லை, மேடும் தெரியவில்லை. காளியாயி கையை இறக்கி, வெறும் வாளிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கத் தொடங்கினாள். நாகலெட்சுமி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.