கூடப் போகிறவள்

"லிகா எங்கே?"

வீட்டுத் தலைவர் உம்பு ரெஹி அடுப்பு வரைக்கும் வந்து நின்று கேட்டார். அடுப்பைச் சுற்றியிருந்த பெண்கள் கைவேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளித் தாழ்வாரத்தில் மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த குதிரைகளையும் எருமைகளையும் கட்டியாகிவிட்டது, தங்கக் காதணிகள் பெட்டிக்குள் போய்விட்டன. பதிலுக்குப் பெண்வீடு கொடுக்கவேண்டிய நெய்த துணிகளும் பாசிமணிகளும் பன்றியும் கொடுத்தாயிற்று. பாக்கி ஒன்றுதான். பெண்ணுக்குத் துணையாகக் கூடப் போகிற ஆள்.

"உங்களைத்தான் கேக்கிறேன். அந்தப் பொண்ணு எங்கே?"

காஹி அரிசிப் பானையிலிருந்து கரண்டியை எடுத்து ஓரமாக வைத்தாள். "விடியக்காலையில லாரி ஏத்திவிட்டுட்டேன், உம்பு. இந்நேரம் கப்பல் ஏறியிருப்பா."

"யாரைக் கேட்டு ஏத்தின?"

"நான் பெத்த பொண்ணு உம்பு."

"நன்றி கெட்ட நாயே! முப்பது வருஷமா சோறு போட்டு வளத்ததுக்கு நல்லா காட்டிட்ட!"

சோறு போட்டாராம்! அந்த முப்பது வருஷமும் அந்த வீட்டுச் சோற்றை வடித்தவளே காஹிதான். இதை அங்கே யாராவது எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லக்கூடிய இடத்தில் இருந்தவள் தமாரிஸ் ஒருத்திதான். உம்பு ரெஹியின் இறந்துபோன தம்பியின் மனைவி, கல்யாணப் பெண்ணின் அம்மா, போதாததற்குப் பள்ளிக்கூட டீச்சர். அவள் குனிந்து தன் கால் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காஹி அந்த வீட்டுக்கு வந்ததும் இப்படித்தான். தமாரிஸ் மணப்பெண்ணாக மலையேறி வந்த அன்று, துணிமணியோடு துணிமணியாக, பதினாலு வயசில் பின்னால் நடந்துவந்தாள். அடிமை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மகா பாவம், சட்டம் வேறு ஒத்துக்கொள்ளாது. 'வீட்டுப் பிள்ளை' என்பார்கள். வீட்டுப் பிள்ளைக்கு வயல் கிடையாது, சம்பளம் கிடையாது, யாரைக் கட்டிக்கொள்வது என்பதுகூட வீட்டுக்காரர் இஷ்டம். அது பெறுகிற பிள்ளையும் வீட்டுப் பிள்ளை. லிகா அப்படிப் பிறந்தவள்தான்.

ஆனால் லிகாவைப் படிக்கவைத்தது தமாரிஸ். வகுப்பில் முதலாவதாக வந்தபோது இதே அடுப்படியில் வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்து, "உம் பொண்ணை எவன் வீட்டுக்கும் அனுப்ப மாட்டேன், இது சத்தியம்" என்று காஹியிடம் சொன்னதும் அவளேதான். மாதர் சங்கத்தில் பேசும்போது மனுஷரெல்லாம் கடவுளுக்கு முன் சமம் என்று கண் கலங்குவாள். ஊருக்குத்தான் உபதேசம். போன வாரம் உம்பு ரெஹி, "லிகாவையே அனுப்பிடலாம்" என்றபோது வாய் சர்க்கரை கை கருணைக்கிழங்கு என்ற கதையாகிவிட்டது. ஒரு வருஷம் போகட்டும், நைச்சியமாகப் பேசித் திருப்பிக் கூட்டிவந்துவிடலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். காஹியிடம் மட்டும் சொல்லவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

காஹி கேட்கவும் இல்லை. அடுப்படிக்கு எட்டாத பேச்சா? மகளுக்கு லாரி பார்த்துவிட்டாள்.

"அம்மா, ஆள் இல்லாம நான் எப்படிப் போவேன்?" அலங்காரத்தோடு உட்கார்ந்திருந்த கல்யாணப் பெண் எர்லின் அழ ஆரம்பித்தாள். "அங்க என்னை என்னன்னு கூப்பிடுவாங்க?"

கேலிக்குரிய அழுகை இல்லை அது. பெரிய வீட்டுப் பெண்ணின் பெயரை ஊரார் வாயால் சொல்லக்கூடாது. அவளோடு வந்த வீட்டுப் பிள்ளையின் பெயரைச் சொல்லி, 'இன்னாரோட ராம்பு' என்றுதான் அழைக்க வேண்டும். ராம்பு என்றால் சீமாட்டி, உம்பு என்றால் சீமான். தமாரிஸ் என்ற பெயர் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டோடு சரி, ஊருக்கு அவள் 'காஹியோட ராம்பு'. அடிமைக்குப் படுக்கப் பாய் கிடையாது, சீமாட்டிக்குப் பெயர் மட்டும் அவளிடமிருந்து வேண்டும்!

"டவுனுக்கு நாலு பேரை அனுப்புறேன்," என்றார் உம்பு ரெஹி. "கப்பல்ல ஏறியிருந்தாலும் இறங்குற இடத்துல நம்ம ஆளு இருக்கான். தலைமயிரைப் பிடிச்சு இழுத்துட்டு வரச்சொல்றேன்."

காஹியின் முகம் அப்போதுதான் மாறியது. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"உங்களுக்கு வேண்டியது ஒரு ஆள்தானே? நான் போறேன். அவளைத் தேடிக்கிட்டு யாரும் போகவேண்டாம்."

"நீயா? நீ போயிட்டா இவங்களை ஊர்ல எப்படிடீ கூப்பிடுறது?" என்று உம்பு ரெஹி தமாரிஸைக் காட்டினார்.

"அது ஊர் பாடு உம்பு."

எல்லோரும் தமாரிஸைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை போதும். 'துணைக்கு யாரும் போகவேண்டாம்' என்றால் போதும். கல்யாணம் நின்றாலும் நிற்கும், குதிரைகள் திரும்பிப் போகும், மைத்துனர் முகத்தில் காறி உமிழ்வார். அவ்வளவுதானே? உயிரா போய்விடும்? தமாரிஸ் வாயைத் திறந்தாள். வெளியே மாப்பிள்ளை வீட்டார் யாரோ கனைத்தார்கள்.

"அப்படியே செய்திடலாம், அத்தான்," என்றாள் தமாரிஸ்.

காஹி தன் மாற்றுத்துணியை ஒரு சாக்குப் பையில் போட்டுக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தாள். மாப்பிள்ளை வீட்டுக்காகப் பேசுகிற பெரியவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். வாயில் வெற்றிலைச் சாறு வழிந்தது.

"என்ன உம்பு இது? கன்னுக்குட்டி தர்றேன்னு சொல்லிட்டுக் கிழட்டு மாட்டை ஓட்டிட்டு வர்றீங்க? நாங்க கொண்டுவந்த குதிரையில ஒண்ணாவது இப்படி இருந்துச்சா?"

சபை சிரித்தது. பெரியவர் மாட்டேன் என்றால் நாலு பேர் டவுனுக்குக் கிளம்புவார்கள். தமாரிஸுக்கு அது தெரியும். லிகாவுக்காக, காஹிக்காக, இதையாவது செய்வோம் என்று முன்னே வந்தாள்.

"வயசைப் பாக்காதீங்க ஐயா. முழங்கால் உறுதி. ரெண்டு குடம் தண்ணியைத் தூக்கிட்டு மேடேறுவா. பல்லெல்லாம் கெட்டி. எதிர்த்து ஒரு பேச்சு பேச மாட்டா. கொடுத்ததைத் தின்னுக்குவா."

பெரியவர் தலையை ஆட்டினார். ஆட்டுவதைப் பார்த்து அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஐயோ, அதைத்தான் பிறகு அவளால் சகிக்க முடியவில்லை. சந்தையில் குதிரை விற்கிறவனின் குரல் தன் வாயிலிருந்து வருவது அவள் காதிலேயே விழுந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"முப்பது வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், உடம்பு சரியில்லைன்னு இவ படுத்ததில்ல!"

"ஒரு நாள் படுத்தேன், ராம்பு," என்றாள் காஹி.

கோபமாகச் சொல்லவில்லை. விலை பேசும்போது குறையை மறைக்கக்கூடாது என்று எண்ணியவள்போல, பெரியவரைப் பார்த்துச் சொன்னாள்.

"லிகாவைப் பெத்த அன்னிக்கு. காலையில படுத்தேன். சாயங்காலம் எழுந்து பன்னிக்குத் தண்ணி காட்டிட்டேன்."

தாழ்வாரம் வெடித்துச் சிரித்தது. பெரியவர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "சரக்கு தேறும்! பலே, எடுத்துக்கிட்டோம்!" என்று வெற்றிலைப் பையை உம்பு ரெஹி பக்கம் நீட்டினார். பேரம் படிந்த சந்தோஷத்தில் உம்பு ரெஹியும் சிரித்தார்.

பெண்வீட்டு மரியாதை ஒன்று இருக்கிறதே! தமாரிஸும் சிரித்தாள்.