பயன்படாதவற்றை நீக்கும்

அக்கா போனில் கத்தினால் நான் போனை மேசைமேல் வைத்துவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். ஸ்பீக்கர் போடத் தேவையே இல்லை, அவ்வளவு தெளிவாகக் கேட்கும். அன்றைக்குக் காலை பத்து மணிக்கும் அப்படித்தான் வைத்தேன். மூன்று மணிக்கு எங்கள் மென்பொருளின் புதிய பதிப்பு வெளியாகிறது. நான் எழுதும் தமிழ் உதவிப் பக்கங்களில் பதினொன்று இன்னும் சரிபார்க்கப்படாமல் கிடந்தன. நாற்காலியில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல உட்கார முடியவில்லை. பதிப்பு நாளில் எனக்கு எப்போதும் இப்படித்தான். டீ எடுத்து வருவேன், குடிக்க மாட்டேன், ஆறிப்போனதைப் பார்த்து எரிச்சல்படுவேன்.

"உங்கத்தான் எல்லாத்தையும் அழிச்சிட்டாருடி. மொத நாள் குரல் ஒண்ணுகூட இல்ல."

போனைக் கையில் எடுத்தேன்.

அக்கா பேச்சுப் பயிற்சி கொடுப்பவள். பக்கவாதம் வந்து பேச்சு போனவர்களுக்கு மறுபடி பேசப் பழக்கும் சின்ன மையம் ஒன்றை நடத்துகிறாள். யார் வந்து சேர்ந்தாலும் முதல் நாள் குரலைப் பதிவு செய்துவிடுவாள். பேரைச் சொல்லச் சொன்னால் வெறும் மூச்சு வரும், இல்லையென்றால் ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வரும். ஆறு மாதம் கழித்து, "நான் தேறவே மாட்டேன்" என்று அவர்கள் சோர்ந்து உட்காரும் நாளில் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டுவாள். அதைக் கேட்ட பிறகு மறுநாள் பயிற்சிக்கு வராமல் நின்றவர் ஒருவர்கூட இல்லை என்பாள். அப்படி முப்பத்தேழு பேரின் முதல் நாள் அந்த மையத்துக் கணினியில் இருந்தது. முதல் நாளை இரண்டாவது முறை பதிவு செய்ய முடியாது.

அந்தக் கணினியைப் பார்த்துக்கொள்பவர் அத்தான். லிப்ட் மெக்கானிக்காக இருந்து, முதுகு ஒத்துழைக்காமல் வேலையை விட்டவர். அக்காவுக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று கணினியை அவரே கற்றுக்கொண்டார். நான் உதவிப் பக்கங்கள் எழுதும் அந்த மென்பொருள் கருவியைத்தான் அங்கே போட்டுக்கொடுத்திருந்தேன்.

"என்ன கட்டளை குடுத்தாராம்?"

"எனக்கென்னடி தெரியும்? இடம் பத்தலன்னு என்னமோ சுத்தம் பண்ணாராம். இரு, அவர்கிட்டயே கேளு."

போன் கைமாறியது. நான் அத்தானைப் பிடித்துக்கொண்டேன். "என்ன அத்தான் இது? தட்றதுக்கு முன்னாடி உதவிப் பக்கத்தப் படிக்க வேணாமா? ஒரு வரி. அதப் படிக்க எவ்ளோ நேரமாகும்? அதுக்குத்தான நான் மாங்கு மாங்குன்னு எழுதிட்டிருக்கேன்?"

"நீ ஒரு எட்டு வந்து பாக்கிறியாம்மா?" என்றார் அத்தான்.

எங்கள் கருவியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஒரு நிரலையும் அது ஓடுவதற்கு வேண்டிய சகலத்தையும் ஒரு பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டால், அந்தப் பெட்டியை எந்தக் கணினியில் வைத்தாலும் ஓடும். உலகம் அதைக் கன்டெய்னர் என்கிறது, எங்கள் ஆபீசில் பெட்டி என்றுதான் பேச்சு. பெட்டி தன் சாமான்களைப் போட்டு வைக்கிற இடம் சேமிப்பகம். கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டித்தான் இதையெல்லாம் ஆட்டிவைக்க வேண்டும். எந்தக் கட்டளை என்ன செய்யும் என்று கேட்டால் திரையே ஒரு வரியில் பதில் சொல்லும். அந்த ஒற்றை வரிகளைத் தமிழில் எழுதிப் பராமரிப்பது என் பிழைப்பு. சொந்தக்காரர்களிடம் சொன்னால், "ஒரு வரி எழுதவா சம்பளம்?" என்று கேட்பார்கள்.

அக்காவின் மையம் ஆபீசிலிருந்து பத்து நிமிட நடை. ஏழு நிமிடத்தில் போனேன். சிக்னலில் பச்சை விழாமல் நின்ற அரை நிமிடத்தில் சிக்னலையும் திட்டினேன், அத்தானையும் திட்டினேன்.

மையத்தில் புது பெயிண்ட் வாசனை. முகத்தைப் பார்த்துப் பார்த்து வாயசைக்கப் பழகும் பெரிய கண்ணாடி இன்னும் சுவரில் ஏறாமல் தரையில் சாய்ந்திருந்தது. அத்தான் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். அக்கா அருகே வந்ததும் கறுப்புத் திரையைச் சட்டென்று சுருக்கினார். தப்புச் செய்தவர் மறைக்கிறார் என்று நினைத்தேன். அக்காவைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அனுப்பிவிட்டு அவரை நகர்த்தி உட்கார்ந்தேன்.

திரையை மேலே உருட்டினேன். நீக்கும் கட்டளைக்கு முன்னால் அவர் உதவி கேட்டிருக்கிறார். ஒரு முறையல்ல, மூன்று முறை. மூன்று முறையும் திரை ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறது.

பயன்படாத சேமிப்பகங்களை நீக்கும்

அதற்குக் கீழே, "தொடரவா?" என்ற கேள்வி. அதற்கு அவர் ஆம் சொல்லியிருக்கிறார்.

"பெயிண்ட் அடிக்கிறாங்கன்னு ரெண்டு நாளா பெட்டிய நிறுத்தி வெச்சிருந்தேன்மா," என்று அத்தான் மெதுவாகச் சொன்னார். "பயன்படாததுதான போகும்? நம்ம குரலெல்லாம் பயன்படுறதாச்சேன்னு..."

அந்த வரியை நானும் மறுபடி படித்தேன்.

அந்தக் கட்டளைக்கு எது உதவும், எது உதவாது என்றெல்லாம் தெரியாது. இந்த நிமிடம் ஓடிக்கொண்டிருக்கும் பெட்டி எதுவும் தொட்டுக்கொண்டிராத சேமிப்பகத்தை அது தூக்கிவிடும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். முதலில் நான் சரியாகத்தான் எழுதியிருந்தேன். 'தற்போது பயன்பாட்டில் இல்லாத சேமிப்பகங்களை நீக்கும்.' ஆனால் திரையில் ஒரு வரிக்கு எண்பது இடம்தான். இடப்பக்கம் கட்டளை, வலப்பக்கம் விளக்கம். விளக்கம் நீண்டால் அடுத்த வரிக்கு மடங்கும், பார்க்க அசிங்கமாக இருக்கும். போதாக்குறைக்குத் தமிழெழுத்தின் கொம்பும் காலும் எத்தனை இடம் பிடிக்கும் என்று அந்தத் திரைக்கே தெரியாது. எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், மூன்று சொல்லை வெட்டி ஒன்றாக்கினேன். பயன்படாத. வரி கச்சிதமாக அடங்கியது. அன்றைக்கு என் தோளை நானே தட்டிக்கொண்டேன்.

பயன்பாட்டில் இல்லாத வேறு, பயன்படாத வேறு. தமிழ் தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். நான் யாரையும் கேட்கவில்லை.

அக்கா தண்ணீரோடு வந்தாள். "வருமாடி?"

அழித்த இடத்தில் அத்தான் புதிய பயிற்சி வீடியோக்களை ஏற்றியிருந்தார். அதற்குத்தான் இடம் தேடியிருக்கிறார். பழையதன் மேலேயே புதியது பதிந்துவிட்டது. பழைய பதிவுகளின் நகல் ஒன்றும் வைத்திருந்தார், அதே கணினியில், இன்னொரு சேமிப்பகத்தில். அதையும் எந்தப் பெட்டியும் தொட்டுக்கொண்டிருக்கவில்லை, அதுவும் போய்விட்டது.

"வராதுக்கா."

அக்கா தண்ணீரை என்னிடம் கொடுக்காமல் தானே குடித்தாள். "படிக்காம தட்டிட்டேன்னு அவரே ஒத்துக்கிட்டாரு. இனிமே இதத் தொடாதீங்கன்னு சொல்லிட்டேன். வெளியாள் ஒருத்தரப் பாத்துக்கிறேன். நாலு வருஷம் நம்பி விட்டேன் பாரு, என்னச் சொல்லணும்."

படிக்காமல் தட்டினேன் என்றா சொன்னார்? அத்தானைப் பார்த்தேன். அவர் கண்ணாடியை எந்தச் சுவரில் மாட்டலாம் என்று யோசிப்பவர்போல நின்றார். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். "எனக்கு ஆபீஸ்ல வேல இருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். காலையில் அவரைப் பார்த்து, ஒரு வரி படிக்க எவ்வளவு நேரமாகும் என்று கேட்ட அதே வாய்.

ஆபீசுக்கு வந்து வேறு எதையும் தொடவில்லை. அந்தக் கோப்பைத் திறந்து, வெட்டிய சொற்களைத் திரும்பப் போட்டேன். வரி இரண்டாக மடங்கியது. மடங்கித் தொலையட்டும் என்று அனுப்பினேன். மாற்றத்துக்கான காரணம் கேட்கும் கட்டத்தில், 'சொல் திருத்தம்' என்று எழுதினேன்.

இரண்டு நிமிடத்தில் முற்றுப்புள்ளி என் மேசைக்கே எழுந்து வந்துவிட்டார். எங்கள் வெளியீட்டுப் பொறுப்பாளர் அவர். உதவி வரிகளின் முடிவில் முற்றுப்புள்ளி வரக்கூடாது என்பது விதி. போன வருடம் என் பக்கங்களில் இருநூற்றுச் சொச்சம் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் காட்டினார். அன்றிலிருந்து அதுவே அவர் பேராகிவிட்டது.

"எழுத்துப்பிழையா?"

"இல்ல."

"வேறென்ன? நயமா?"

"ஆமா. அப்படித்தான்."

"நயமெல்லாம் அடுத்த பதிப்புல போகட்டுங்க. பன்னெண்டு மணியோட கதவச் சாத்தியாச்சு, இந்தப் பதிப்புல இனி மாத்தமில்ல. யாருக்காவது தரவு போயிருக்குன்னா சொல்லுங்க, அதுக்கு மட்டும் தொறப்பேன். இதுக்கு வரி வேற மடங்குது."

அடுத்த பதிப்புக்கு மூன்று மாதம் இருக்கிறது. அவர் போய்விட்டார். நான் எழுந்து நடைபாதையின் கோடி வரை நடந்தேன், திரும்பி வந்தேன், மறுபடி போனேன். நகலை அதே கணினியில் வைத்தது அத்தான் தப்புதானே? ஒரு போன் போட்டு என்னைக் கேட்டிருக்கலாமே? ஆங்கில மூலத்திலும் அந்தச் சொல் மொட்டையாகத்தானே நிற்கிறது? எல்லாமே நியாயமான கேள்விகள்தான். எதுவும் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. இந்த மூன்று மாதத்தில் இன்னும் எத்தனை பேர் இதே வரியைப் படிப்பார்கள் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. நாங்கள் எழுதும் காரணம் பொதுவில் நிற்கும், பக்கத்தில் எழுதியவர் பேர் நிற்கும். எழுதியவராலும் பிறகு அதை அழிக்க முடியாது. எனக்குப் பயமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

மணி ஒன்றரைக்கு உட்கார்ந்து எழுதினேன்.

'பயன்படாத என்று படிப்பவர் உதவாத என்றுதான் புரிந்துகொள்வார். சொல்ல வேண்டியது தற்போது பயன்பாட்டில் இல்லாத என்பது. வரி மடங்கக் கூடாது என்பதற்காக இந்தச் சொல்லைப் போட்டது நான். ஒருவர் இந்த வரியை மூன்று முறை படித்து, நம்பி, கட்டளையைக் கொடுத்து, முப்பத்தேழு பேரின் குரல் பதிவுகளை இழந்துவிட்டார். அவர்மேல் பிழையில்லை.'

முற்றுப்புள்ளி இம்முறை எழுந்து வரவில்லை. தன் இடத்திலிருந்தே எட்டிப் பார்த்து, "யாரு?" என்று கேட்டார்.

"எங்க அத்தான்."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு ஒப்புதல் கொடுத்தார். மூன்று மணிக்குப் பதிப்பு வெளியானது, எல்லாரும் கைதட்டினார்கள். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மையத்தில் கண்ணாடி சுவரில் ஏறியிருந்தது. அக்கா மேசையில் பதிவேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தாள். அத்தான் ஏணியை மடக்கிக்கொண்டிருந்தார். நான் போனை நீட்டி, எழுதியதைக் காட்டினேன். அக்கா இரண்டு முறை படித்தாள்.

"படிச்சீங்களா நீங்க?" என்று அத்தானைக் கேட்டாள்.

"ம்."

"படிக்கலன்னீங்க?"

"அவ எழுதினதாச்சே. அவ உன்கிட்ட மாட்டினா நீ விடுவியா?"

அக்கா கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அத்தானிடம், "ஏணிய வெச்சிட்டு வந்து உக்காருங்க" என்றாள். பிறகு பதிவேட்டை என் பக்கம் தள்ளினாள்.

"முப்பத்தேழு பேரு. போன் போட்டு நீயே சொல்லு. வீட்டாளுங்ககிட்ட சொல்லிட்டு வெச்சிராத, அவங்ககிட்டயே சொல்லு."

"அக்கா, அவங்களால போன்ல..."

"பேசுவாங்க. நேரமாகும். நீ எடுத்துக் குடுக்கக் கூடாது. வார்த்தைய நீ முடிக்கக் கூடாது. எவ்ளோ நேரமானாலும் சரி."

எதிராளி பாதி சொல்லும்போதே மீதியைச் சொல்லிவிடுகிற ஜென்மம் நான். சின்ன வயதிலிருந்து அக்காவுக்கு அது தெரியும்.

முதல் பேருக்கு நேரே, பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர் என்று எழுதியிருந்தது. அவர் மனைவி எடுத்தார், விஷயத்தைச் சொல்லாமல் அவரிடம் கொடுக்கச் சொன்னேன். மூச்சுச் சத்தம் கேட்டது. நான் சொன்னேன். ஐயா, உங்க மொத நாள் பதிவு அழிஞ்சுபோச்சு, திரும்ப வராது, நான் எழுதின ஒரு தப்பான சொல்லால போச்சு. எவ்வளவு வேகமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு வேகமாகச் சொல்லி முடித்தேன்.

மூச்சு. இன்னும் கொஞ்சம் மூச்சு. பிறகு, "ப்..." என்றார்.

பரவாயில்லை என்று சொல்ல வருகிறார். எனக்குப் புரிந்துவிட்டது. அந்தச் சொல் என் நாக்கு நுனியில் வந்து நின்றது. எடுத்துக் கொடுத்துவிட்டால் அவருக்கும் சிரமம் மிச்சம், எனக்கும் மனசு லேசாகும்.

அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"ப்... ப்..." உதடு சேர்வதும் பிரிவதும் கேட்டது. எதையோ தட்டுகிறார், தொடையையோ கட்டில் சட்டத்தையோ. எவ்வளவு நேரம் போனது என்று தெரியவில்லை. என் கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

"பாவி!"

உடைசல் இல்லாமல், முழுசாக, காதில் அறைந்த மாதிரி வந்தது. பின்னால் அவர் மனைவி, "ஐயோ, என்னங்க இது!" என்று பதறுவது கேட்டது. போன் துண்டிக்கப்பட்டது.

"என்ன சொன்னாரு?" என்றாள் அக்கா.

"பாவின்னாரு."

"நீ எடுத்துக் குடுத்தியா?"

"இல்லக்கா."

"ப நல்லா வந்துச்சா?"

"ரொம்ப நல்லா வந்துச்சு."

"எட்டு மாசமா அவருக்கு அது வரலடி," என்றாள். பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து, அவர் பேருக்கு நேரே அன்றைய தேதியைப் போட்டு, அந்தச் சொல்லை அப்படியே எழுதினாள். எழுதிவிட்டு மறுபடி என்னிடம் தள்ளினாள்.

"அடுத்தவருக்குப் போடு."

போட்டேன்.