பல்தாசார் லாரியின் ஊர்வலம்

புவேர்ட்டோ ரிக்கோவின் பெலிக்கன் கூடைப்பந்து அணி நாற்பது வருடத்தில் செய்த சாதனை, மூன்று முறை இறுதி ஆட்டத்தில் தோற்றதுதான். மூன்று முறையும் வெற்றி ஊர்வலத்துக்காக அணியின் தீவிர ரசிகர் பல்தாசார் முந்தின நாளே தன் லாரியில் கொடியும் பலூனும் கட்டிவைத்திருந்தார்.

"தோக்கடிச்சதே உன் பலூன்தான்யா! இந்தத் தடவை கட்டினே, சோறு கிடையாது" என்றாள் மனைவி நெரெய்தா.

அதனால் நான்காவது இறுதி ஆட்டத்தன்று, பலூன் கட்டக் கை பரபரக்காமல் இருக்க, லாரி நிறைய வாழைக்காய்த் தார் ஏற்றிவிட்டார். பெலிக்கன்கள் ஜெயித்துத் தொலைத்தார்கள்.

கோப்பையோடு ஓடிவந்த ஆட்டக்காரர்களிடம், "ஏறவே இடமில்லையேப்பா!" என்று பதறினார்.

"தார் மேலேயே உக்காந்துக்கறோம் பெரியவரே, வண்டிய எடுங்க!" என்றான் கேப்டன்.

ஊர் முழுக்கப் பாட்டும் கஞ்சிராச் சத்தமும். பக்கத்து சீட்டிலிருந்து நெரெய்தா அவர் முகத்தைப் பார்த்தாள். "அழுதுக்கிட்டே ஓட்டறியே, தெரு தெரியுதா?"

"தெரியல" என்றார், ஹாரனிலிருந்து கையை எடுக்காமல்.