ஒரு வாளி தோல் நிறம்

1

பெரிய சிந்தனை ஒன்றிலிருந்து இந்தக் கதை பிறந்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் பிறந்தது ஒரு பெயின்ட் வாளியிலிருந்து. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில், ஆற்றை ஒட்டிய எங்கள் சந்தில், ஆகஸ்ட் மாதச் சுதந்திர தினத்துக்குச் சந்துக்குச் சந்து போட்டி போட்டுக்கொண்டு சுவரில் ஓவியம் தீட்டுவோம். இந்த வருஷம் ‘நம் சந்தின் பெண்கள்’ என்று தலைப்பு முடிவானது. தெருத் தலைவர் வாலுயோ ஐயா மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டி ஒரு பெரிய வாளியைக் கொண்டுவந்து இறக்கினார். மூடியில் ‘தோல் நிறம்’ என்று அச்சடித்திருந்தது. திறந்தால் உள்ளே வெளிறிய இளஞ்சிவப்பு.

அவருடைய யோசனையில் குற்றம் சொல்ல முடியாது. வரையப்போவது பெண்களை. பெண்களுக்கு முகம் உண்டு, கை உண்டு, கழுத்து உண்டு. ஆகவே எல்லாவற்றையும்விட அதிகம் செலவாகப்போவது தோல் நிறம். சிவப்பும் பச்சையும் சின்னச் சின்ன டப்பாக்களில் வந்தன, இது மட்டும் வாளியில் வந்தது.

வாளியை நினைத்து நினைத்துச் சிரித்தேன். பிறகு கதையாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன், சிரிப்பு நின்றுபோயிற்று. முதல் வரி இப்படி வந்தது:

கறுப்பாகப் பிறந்த ரென்சி தன் வாழ்நாள் முழுவதும்

[இதோடு விட்டேன். கறுப்பாகப் பிறந்தோம் என்று எந்தக் குழந்தைக்கும் பிறக்கும்போது தெரியாது. பக்கத்தில் நிற்பவர்கள்தான் சொல்லித் தருகிறார்கள். அவர்கள் வேலையை நான் ஏன் செய்ய வேண்டும்?]

இரண்டாவது:

ஆற்றின் மேல் இளவெயில் பொன்னை உருக்கி

[இந்தக் கதையில் வெயிலுக்கு வேலை இல்லை. பெயின்ட் காய வேண்டும், அவ்வளவுதான்.]

மூன்றாவதை வைத்துக்கொண்டேன்: ஏணி உச்சியில் ஒருத்தி நின்று வரைந்துகொண்டிருந்தாள், கீழே ஆண்கள் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

2

இந்த வரியின் மகிமை புரிய எங்கள் வழக்கம் தெரிந்தால் போதும். ஆகஸ்ட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தே திரண்டு வேலை செய்யும். ஆண்கள் ஏணியில் ஏறுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள், அதைவிட அதிகமாக அபிப்பிராயம் சொல்வார்கள். பெண்கள் காப்பி போட்டு, தெம்பே என்கிற சோயா வில்லைகளை மாவில் தோய்த்துப் பொரித்து, தட்டுத் தட்டாக அனுப்புவார்கள். நான் தமிழ்நாட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த இந்தப் பதினெட்டு வருஷத்தில் இது ஒருமுறைகூட மாறியதில்லை.

இந்த வருஷம் மாறியதற்குக் காரணம் ரென்சி. முழுப்பெயர் எமெரென்சியானா. கிழக்கே புளோரஸ் தீவிலிருந்து ஓவியம் படிக்க வந்தவள், படிப்பு முடிந்த பிறகும் இங்கேயே தங்கிவிட்டாள். தர்மி அம்மா வீட்டு மாடியறையில் குடியிருக்கிறாள். சுவரில் மனிதர்களைத் தத்ரூபமாக வரையத் தெரிந்தவள் சந்தில் அவள் ஒருத்திதான். அவள் ஏணியில் ஏறிக்கொண்டு, உதவிக்குத் தூரிகை பிடிக்கப் பெண்கள் போதும் என்றாள். ஆண்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. சும்மா நின்றவர்கள் கையில் யாரோ வாணலியைக் கொடுத்துவிட்டார்கள். என் கணவர் சுட்ட முதல் தட்டு கரியாகவே வந்தது. வாலுயோ ஐயா அதில் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, இதை வைத்தே கோடு இழுக்கலாமே என்றார்.

[இங்கே வயதில் மூத்த பெண் எல்லோருக்கும் அம்மா, மூத்த ஆண் எல்லோருக்கும் அப்பா, கொஞ்சம் மூத்தவள் அக்கா. ஆகவே அவர்கள் பேச்சைத் தமிழில் எழுதும்போது உறவுமுறைக்கு நான் அலைய வேண்டியிருக்கவில்லை. ‘அப்பா’வை மட்டும் ‘ஐயா’ என்று மாற்றினேன், வாலுயோவை அப்பா என்று எழுத எனக்குக் கை வரவில்லை.]

3

இந்தப் பகுதியில் நீளமான சோகப் பக்கம் ஒன்று இருந்தது. ரென்சி அறை தேடி அலைந்தது, வாசலில் ‘அறை காலி’ என்று பலகை தொங்க, அவள் சுருட்டை முடியையும் நிறத்தையும் பார்த்ததும் வீட்டுக்காரர்கள் இப்போதுதான் ஆள் வந்துவிட்டது என்று கதவைச் சாத்தியது, எல்லாம் விவரமாக எழுதியிருந்தேன். எழுதியபோது நானே அழுதேன், அதனால் நன்றாக வந்திருக்கிறது என்று நம்பினேன். ரென்சியிடம் படித்துக் காட்டினேன்.

அவள் கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்:

“ஏன்க்கா, இவ்வளவு நீளக் கதையில நான் ஒரு தடவகூடச் சிரிக்கலியே?”

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். உண்மையில் அவள் சந்திலேயே அதிகமாகச் சிரிப்பவள், அதுவும் கூரை அதிரச் சிரிப்பவள். நான் எழுதிய ரென்சி தலைகுனிந்து நடந்தாள். உங்களுக்குப் பரிதாபம் வர வேண்டும் என்பதற்காக அவள் கழுத்தை நான்தான் வளைத்திருக்கிறேன்.

கிழித்ததில் இரண்டு விஷயங்களை மட்டும் எடுத்து வைக்கிறேன், அவை இல்லாமல் கதை நகராது. ஒன்று, அத்தனை கதவுகளுக்குப் பிறகு அவளைப் பார்த்து, உள்ளே வா, முதலில் சாப்பிடு, வாடகையைப் பிறகு பேசலாம் என்று சொன்ன ஒரே ஆள் தர்மி அம்மா. இரண்டு, போன வருஷம் ஒரு காப்பிக் கடைச் சுவரில் அவள் தன் ஊர்ப் பெண்களை வரைந்தாள். கடைக்காரர் பார்த்துவிட்டு, அழகுதான், கொஞ்சம் வெளுப்பாக்கிக் கொடு என்றார். அவள் வெளுப்பாக்கினாள். வேலை முடிந்து கீழே இறங்கி நிமிர்ந்தபோது, சுவரில் தனக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை என்று கண்டாள். இனி எந்த முகத்திலும் அந்த நிறத்தைத் தன் கை வைக்காது என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டாள்.

ஆகவே வாலுயோ ஐயா வாளியை இறக்கியபோது சந்தில் எல்லோரும் கைதட்ட, ரென்சி மட்டும் மூடியை மறுபடி மூடி அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

4

இனி வருவது நடந்தபடியே. கூட்ட ஒன்றும் இல்லை.

பெண்களின் முகக்கோடுகள் முடிந்ததும் ரென்சி பழுப்பு, மஞ்சள், கொஞ்சம் கறுப்பு எல்லாம் தட்டில் குழைத்து, ஒவ்வொருவரையும் கையை நீட்டச் சொல்லி, முழங்கைப் பக்கம் ஒரு பொட்டு வைத்துப் பார்த்தாள். பொட்டு கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை குழைத்தாள். வாலுயோ ஐயாவுக்கு மனசு கேட்கவில்லை. வாளி நிறைய வாங்கி வைத்திருக்கும்போது எதற்கு இந்தப் பாடு என்றார்.

“சரிங்கய்யா,” என்றாள் ரென்சி. “இந்த நிறம் யாரு கைக்குச் சேருதோ அவங்களுக்கு இதையே போட்டுடுறேன். ஆளக் காட்டுங்க.”

அவ்வளவுதான், ஐயா ஒரு குச்சியை வாளியில் முக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார், பின்னால் சந்தே கிளம்பியது. முதலில் தன் கையில் தடவிப் பார்த்தார். சுண்ணாம்பு பட்டதுபோல் இருந்தது. மருந்துக்கடைச் சீன அம்மாள் நிச்சயம் சேருவார் என்றார்கள், அவர் கைக்கு இது செம்மை அதிகம். போன வாரம் பிறந்த குழந்தைக்குக்கூடச் சேரவில்லை, அதன் பாட்டனார் அதில் பெருமைப்பட்டார். வழி தவறி வந்த ஒரு வெள்ளைக்காரரை நிறுத்திக் கையை நீட்டச் சொன்னார்கள். வெயிலில் சிவந்துபோயிருந்த அவருக்கும் சேரவில்லை. மனிதர் தன் மேல் ஏதோ ஆசீர்வாதம் நடந்ததாக நினைத்துக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போனார்.

கடைசியில் தேடல் சந்து முனையில் முடிந்தது. அங்கே அப்பளம் தின்னும் போட்டிக்காக, கையைக் கட்டிக்கொண்டு வாயாலேயே கடிக்க வேண்டிய இறால் அப்பளங்கள் கயிற்றில் தொங்கின. வாலுயோ ஐயா குச்சியை ஓர் அப்பளத்தின் பக்கத்தில் பிடித்தார். கொஞ்சமும் வித்தியாசம் தெரியவில்லை.

ஐயா குச்சியைத் தாழ்த்திக்கொண்டு சுவரடிக்குத் திரும்பி வந்தார். ரென்சியைப் பார்த்து, தெருத் தலைவருக்குரிய குரலில் அறிவித்தார்:

“சரி. எல்லாப் பொம்பளைங்க தலைக்கு மேலயும் அப்பளம் வரைஞ்சிடு.”

ரென்சி ஏணியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். நான் அப்போது என் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். எனக்குக் குழைத்ததும் தனக்குக் குழைத்ததும் ஒரே தட்டில் தீர்ந்துவிட்டதில் அவளுக்கு ஏக மகிழ்ச்சி, எனக்கும்தான். எங்கள் ஊரில் மஞ்சளும் கடலைமாவுமாகத் தேய்த்துத் தேய்த்து அழிக்கப் பார்த்த நிறத்தை, இன்னும் கொஞ்சம் கறுப்பு வேண்டும் என்று ஒருத்தி அக்கறையாகக் கலந்ததை நான் முதல்முறை பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது. இதற்கு மேல் எழுதினால் கெட்டுப்போகும்.

5

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஜோராக முடிந்திருக்கும். ஆனால் தர்மி அம்மா இன்னும் வரவில்லை.

தர்மி அம்மா கடைத்தெருவில் பலாக்காய்க் கூட்டும் சோறும் விற்கிறவர். பானை காலியான பிறகுதான் வருவார். வந்தபோது சுவர் நிறையப் பெண்கள் அப்பளத்தை எட்டிக் கடித்துக்கொண்டிருந்தார்கள், அவர் முகம் மட்டும் வெறும் கோடாக இருந்தது. ஒவ்வொருவராகப் பார்த்து, பெயர் சொல்லி, வாய்விட்டு ரசித்தார். ரென்சி தட்டை எடுத்துக்கொண்டு கையை நீட்டச் சொன்னாள். அவர் நீட்டினார், அவள் குழைத்தாள், பொட்டு மறைந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். தர்மி அம்மா கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு, ரென்சிக்கும் எனக்கும் மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்:

“எல்லாருக்கும் இது நல்லாருக்கு. எனக்கு மட்டும் அந்த வாளியில இருந்து போட்டுடு கண்ணு.”

ரென்சி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் நிறுத்தவில்லை.

“நான் இந்த வீட்டுக்கு வந்த நாள்லருந்து என் மாமியார் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. கரிச்சட்டின்னுதான். சாகுறப்போ தண்ணி கேட்டதுகூடக் கரிச்சட்டிகிட்டதான். நீ வரையுற இந்த வீட்டுச் சுவர் அவங்க கட்டுன சுவர். இதுல ஒரு தடவ நான் வெள்ளையா நிக்கணும்.”

ரென்சி சுத்தமான தூரிகையை மறுபடி மறுபடி கழுவினாள். நாளைக் காலையில் முடிக்கிறேன் அம்மா என்றாள். அன்று மாலை அவள் சிரிக்கவே இல்லை. மாட்டேன் என்றால், தன்னை வாசலோடு திருப்பி அனுப்பாத ஒரே மனுஷியை நோகடிக்க வேண்டும். சரி என்றால், மறுபடியும் அந்தக் காப்பிக் கடைச் சுவர்.

6

நான் முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

(அ) ரென்சி உருக்கமாகப் பேசுகிறாள், தர்மி அம்மா மனம் மாறுகிறார், கறுப்பே அழகு என்கிறார், இருவரும் தழுவிக்கொள்கிறார்கள். [தர்மி அம்மா இப்படிப் பேசுகிறவர் இல்லை. அவருக்கு அறிவுரை சொன்னவர்களுக்கு அன்றைக்குக் கூட்டு குறைவாகத்தான் விழும்.]

(ஆ) ரென்சி நன்றிக்காக வளைந்துகொடுக்கிறாள். தர்மி அம்மா வெள்ளையாக நிற்கிறார். [ஒருத்தியின் மானத்துக்கு இன்னொருத்தியின் மானத்தை விலையாகக் கொடுப்பது. என்னால் எழுத முடியவில்லை.]

(இ) இரவோடு இரவாக மழை பெய்து சுவரை

[சீ.]

சுயமரியாதை என்ற சொல்லோடு வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டில் அது மேடைச் சொல், மைக் பிடித்துச் சொல்வது. தன் கறுப்பை ஒளிக்காமல் நிற்பதுதான் அது என்று நினைத்திருந்தேன். இப்போது ஒரு சமையல்காரப் பெண்மணி, தன்னைக் கரிச்சட்டி என்றவளின் சுவரிலேயே தன் இஷ்டத்துக்கு நிற்கிறேன் என்கிறார். அதுவும் அதே சொல்தானே? வாளி பொய், சரி. ஆனால் அவர் பட்டது பொய் இல்லை. யாருக்கு எது மரியாதை என்று எழுதுகிறவள் தீர்ப்புச் சொன்னால், அவளும் கையில் குச்சியோடு சந்து சுற்றுகிறவள்தான். வாலுயோ ஐயாவாவது அப்பளத்தைக் கண்டுபிடித்தார்.

7

திங்கள் காலை. பானையை அடுப்பில் ஏற்றிவிட்டு தர்மி அம்மா வந்தார். ரென்சி சுவரடியில் இரண்டையும் வைத்திருந்தாள்: ஒரு பக்கம் அவர் கைக்குக் குழைத்த தட்டு, ஒரு பக்கம் வாளி. நடுவில் தூரிகை. ராத்திரி முழுக்கத் தூங்காத கண்.

“அம்மா, என் கையால அந்த நிறத்தப் போட மாட்டேன். நீங்க கேட்டும் மாட்டேன்னு சொல்றேன், மன்னிச்சிடுங்க. ஆனா போடக் கூடாதுன்னு சொல்ல நான் யாரு? இது உங்க மொகம். ஏறுங்க, ஏணிய நான் புடிச்சுக்கிறேன்.”

தர்மி அம்மா தன் அறுபது வயதில் ஏணி ஏறியதில்லை. அவளை ஏற இறங்கப் பார்த்தார். கோபம் வரும் என்று நான் நினைத்தேன். அவர் கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டார், ரென்சியின் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டினார்.

“இதத் தூங்காம யோசிச்சியாக்கும். கெட்டியாப் புடி. விழுந்தா கூட்டு யாரு செய்வா?”

மேலே போய், முகம் முகத்துக்கு நேராக வந்ததும் நின்றார். கீழே வாலுயோ ஐயா, என் கணவர், மருந்துக்கடை அம்மாள் எல்லோரும் கூடிவிட்டார்கள். இரண்டையும் மேலே எடுத்துக் கொடுத்தோம். தர்மி அம்மா குனிந்து எங்களைப் பார்த்தார்.

“எல்லாரும் திரும்பி நில்லுங்க. ரென்சி, நீ ஏணிய மட்டும் பாரு. ஏம்மா எழுத்தாளரே, உனக்குத் தனியாச் சொல்லணுமா?”

திரும்பி நின்றேன். ஓரக்கண்ணில் பார்த்தால், ரென்சி ஏணிக்காலைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்க்கிறாள், அவள் தோள் குலுங்குகிறது, சிரிக்கிறாள். சுவரில் தூரிகை போய்வரும் சத்தம் கேட்கிறது. நிதானமான சத்தம், ஒரு இடத்தில்கூடத் தயங்கவில்லை. இடையில் தர்மி அம்மா தனக்குத் தானே “ம், இதான்” என்கிறார்.

என் முதுகு சுவர்ப் பக்கம், முகம் உங்கள் பக்கம். அப்படியென்றால் நீங்கள் சுவரைப் பார்த்தபடி இருக்கிறீர்கள். உங்களைத் திரும்பச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. நன்றாகப் பாருங்கள். ஆனால் என்ன நிறம் என்று எனக்குச் சொல்ல வேண்டாம். அவர் இறங்கி வந்து, திரும்பலாம் என்று சொல்லட்டும்.