உரித்த சீட்டுகள்

ஆங்கிலத்தில் எது பெயர்ச்சொல் என்று பிள்ளைகளுக்குப் புரியவைப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்துவிடும். "ஈட்" என்றாலும் பெயர், "கோ" என்றாலும் பெயர் என்பார்கள். அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பசைச் சீட்டு வாங்கி வந்தேன். எதற்குப் பெயர் உண்டோ அந்தப் பெயரைச் சீட்டில் எழுதி அதன்மேல் ஒட்ட வேண்டும்.

டியூஷனுக்கு இரண்டே பேர், தையல்காரர் மகளும் என் மகளும். என் மகள்தான் ஆடித் தீர்த்தாள். மேஜை, கதவு, மின்விசிறியின் சுவிட்ச், ஒன்றையும் விடவில்லை. நைட் டூட்டி முடிந்து உள்ளறையில் தூங்கிய அவள் அப்பாவின் நெற்றியிலும் "ஃபாதர்" ஒட்டிவிட்டாள்.

"சனியனே, மனுஷனைத் தூங்க விடு!" என்று நானே அதைப் பிய்த்தேன். நாளைக்கு ஆகுமே என்று மற்றதையும் உரித்துக்கொண்டே வந்தேன்.

மகள் மேஜையில் முட்டிக்கொண்டாள்.

"அம்மா, வழியில என்னமோ நிக்குது. இது என்னது?"

"நடிக்காதடி."

பொய் சொன்னால் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். அன்று வரவில்லை. அவளை உள்ளறைக்கு இழுத்துப் போனேன். அவர் விழித்து, "வாடா தங்கம்" என்று கையை நீட்டினார்.

அவள் என் பின்னால் ஒளிந்தாள். "யாரும்மா இவரு?"

உரித்த சீட்டை அவர் நெற்றியில் அழுத்தினேன். பசை செத்துப்போயிருந்தது, விழுந்துவிட்டது. புதிதாக எழுதி ஒட்டினேன்.

அவள் எட்டிப் பார்த்து எழுத்துக்கூட்டினாள். "ஃபாதர். சரியாம்மா?" அவரைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"என்னடி இது, விளையாட்டா?" என்றார். நீட்டிய கை அப்படியே இருந்தது.

நான் மகளை வாரித் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதேன். அவளும் என் கழுத்தை இறுக்கிக்கொண்டாள். என்னையாவது தெரிகிறதே என்றிருந்தது.

பின்னால் தையல்காரர் மகள் வந்து நின்றாள்.

"டீச்சர், உங்க முதுகுல 'மதர்'னு ஒட்டியிருக்கா பாருங்க. அப்பவே ஒட்டிட்டா, நீங்க கவனிக்கல. இருங்க, எடுத்துடுறேன்."

"ஐயோ, தொடாதே!"

நான் திரும்புவதற்குள் சர்ரென்று உரியும் சத்தம் கேட்டது.

கழுத்திலிருந்த சின்னக் கைகள் தளர்ந்தன. என் மகள் தலையைப் பின்னால் இழுத்து என் முகத்தைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, என்னைக் கீழ விடுங்க" என்றாள், மரியாதையாக.