எந்த மழைக்கும் தாங்கும் பருத்தி

கூடம் முழுக்கப் பருத்தி கிடந்தது. பதினாறு பொதி. உத்திரம்வரை அடைத்துக்கொண்டதால் நான் அடுப்பங்கரையில் படுத்தேன். எடுக்க வந்த வீரபத்திரனை நான்தான் வாசலோடு திருப்பி அனுப்பினேன். எங்கள் ஊரையும் சேர்த்துப் பத்து ஊர்ப் பருத்திக்கு அவர்தான் தரகர். அவரை அதுவரை யாரும் திருப்பி அனுப்பியதில்லை.

"ஒம் பருத்திய இனி எவன் எடுக்குறான்னு பாத்துருவோம்," என்றார். "சித்திரை மழை ஒண்ணு விழுகட்டும். பஞ்செல்லாம் கருத்து எருவாப் போகும். அப்ப வருவ."

"வர மாட்டேண்ணே."

"வண்டி எவன் பூட்டுவான் தாயி? ஒங்க யேசு சாமி வந்து பூட்டுவாரோ?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நான் கதவைச் சாத்தினேன்.

எனக்குக் கோபம் போன வருஷத்தது. என் வீட்டுக்காரர் ஜான்ராஜ் குளிர்காய்ச்சலில் போனபின் நானே நின்று எடுத்த முதல் வெள்ளாமை அது. வீரபத்திரன் ஒரு வியாபாரியைக் கூட்டிவந்தார். இருவரும் என் வாசலில் நின்று கையோடு கை கோத்தார்கள். மேலே ஒரு துண்டைப் போட்டார்கள். துண்டுக்குள் விரல்கள் அசைந்தன. ஒருவர் தலையை ஆட்டினார், மற்றவர் உதட்டைப் பிதுக்கினார், பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"முடிஞ்சுது தாயி," என்றார் வீரபத்திரன்.

"என்ன விலைக்கு முடிஞ்சுது?"

"அதான் கையில தாரேன்ல. பெறகென்ன?"

என் பருத்தி, என் வாசல். என் கண்முன்னால் பேசிய விலை எனக்கு மட்டும் தெரியாது. கேட்டால் சந்தை முறை என்பார்கள். ஆம்பிளை என்றால் தன் கையைத் துண்டுக்குள் விட்டுத் தானே பேசிக்கொள்வான். பொம்பளை எந்த ஆம்பிளையின் விரலைப் பிடித்து விலை பேசுவாள்? ஊர் விடுமா? அதனால் பொம்பளை பருத்திக்கெல்லாம் வீரபத்திரன் கைதான் கை.

அந்த வருஷம் முழுக்க இதையே நினைத்துக்கொண்டு களை வெட்டினேன். துண்டு போடாமல் விற்க வழி இல்லையா?

வழி சாக்கில் இருந்தது. வீரபத்திரன் பருத்தி கட்டக் கொண்டுவந்து போடும் சாக்குகளில் கறுப்பு மையில் இங்கிலீஷ் எழுத்துகள் குத்தியிருக்கும். நான் பிறந்த ஊரில், தெற்கே செம்மணல் தேரிப் பக்கம், மிஷன் பள்ளிக்கூடத்தில் அஞ்சாங்கிளாஸ் படித்தவள். இங்கிலீஷில் எழுத்து தெரியும், வார்த்தை தெரியாது. எழுத்து எழுத்தாகக் கூட்டினேன். ஒரு கம்பெனியின் பேர். கீழே தூத்துக்குடி. அதற்கும் கீழே ஒரு ரோட்டின் பேர். பருத்தி எங்கே போகிறது என்று அத்தனை வருஷமாக எங்கள் சாக்கே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

அருப்புக்கோட்டைக்குக் கரிப்புகையில் ஓடும் கரிபஸ்ஸில் போய், பழைய காகிதக் கடையில் ஒரு புத்தகம் வாங்கினேன். அட்டை இல்லை. இடது பக்கம் வியாபாரக் கடிதங்கள் இங்கிலீஷில், வலது பக்கம் அவற்றுக்குத் தமிழ். பம்பாயில் ஒருவன் குடை விற்கிறான். இன்னொருவன் பீங்கான் உடைந்து வந்ததென்று எழுதுகிறான். ஒருவன் கடிகாரம் கேட்கிறான். பருத்தியைப் பற்றி ஒரு வரி கிடையாது. 'குடை' என்பதற்கும் 'விரிசல்' என்பதற்கும் எனக்கு இங்கிலீஷ் தெரிந்துபோயிற்று. விதைக்கும் காய்க்கும் தெரியவில்லை.

தினம் ஐந்து வார்த்தை. கரிக்கட்டையால் சாக்கில் எழுதி, காலால் தேய்த்து, மறுபடி எழுதுவேன். பேசிப் பார்க்க ஆள் இல்லை. சொந்த ஊர் தூரத்தில். சபைக்குப் போனால் உபதேசியார், "வேத வசனம் படிக்கிற நேரத்துல வியாபார வசனமா?" என்று கேட்டார். மாட்டிடம் பேசினேன். அது காதை ஆட்டியது. கடிதத்தில் முதலில் கூப்பிட வேண்டும், பிறகு இருப்பதைச் சொல்ல வேண்டும், பிறகு வேண்டியதைக் கேட்க வேண்டும். ஒப்பாரி வைக்கக் கூடாது. இந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது.

ஒன்று மட்டும் பிடிக்கவில்லை. பாதிக் கடிதங்கள் 'வி பெக்' என்று தொடங்கின. எதிர்ப் பக்கத்துத் தமிழில் 'கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறோம்' என்று இருந்தது. எதற்குக் கெஞ்ச வேண்டும்? நான் விற்கிறேன், அவன் வாங்குகிறான். புத்தகம் முழுக்க அந்த 'பெக்'கைத் தேடித் தேடிக் கரியால் அடித்தேன். அடித்த பிறகும் கடிதங்கள் நன்றாகத்தான் நின்றன.

குடைக் கடிதத்தை எடுத்துக்கொண்டேன். குடை என்று வந்த இடத்தில் எல்லாம் பருத்தி என்று போட்டேன். இருப்பு பதினாறு பொதி, கருங்கண்ணி ரகம். ஆள் அனுப்பிப் பார்த்து விலை சொல்லவும். எழுதி முடித்ததும் ராக்கம்மாளுக்கு வாசித்துக் காட்டித் தமிழிலும் சொன்னேன். அடுத்த வீட்டுக்காரி அவள். புருஷன் மதுரையில் மில் வேலைக்குப் போய்விட்டதால் நிலத்தை அவளே பார்த்தாள். அவள் பருத்தி எட்டுப் பொதி; வீரபத்திரனுக்கென்று சொல்லி வைத்திருந்தாள்.

"நாங்க, நாங்கன்னே எழுதியிருக்கியே, யாரு யாரு?"

"கம்பெனிக்கு எழுதுறதுன்னா அப்படித்தான். நீயும் நானும்னு வச்சுக்கயேன்."

"ஆத்தாடி! என்னையச் சேக்காத. அந்த மனுசனுக்குத் தெரிஞ்சா எம் பருத்தியும் வீட்டுலயே கெடக்கும்."

நான் மாற்றவில்லை. ஒற்றை ஆளாக உட்கார்ந்து 'நாங்கள்' என்று எழுதி, ஜே. செல்வி என்று கையெழுத்துப் போட்டு, திருச்சுழிக்கு நடந்துபோய்த் தபாலில் போட்டேன். கடிதம் போன பிறகுதான் வீரபத்திரனை வாசலோடு அனுப்பினேன்.

பதினெட்டு நாள் பதில் இல்லை. மேற்கே மேகம் கூடிக் கூடிக் கலைந்தது. ஒருநாள் நாலு துளி விழுந்தது. ஓட்டுக்குக் கீழே பானை வைக்க ஓடினேன். நல்லவேளை, எங்கும் ஒழுகவில்லை. நான் கடிதம் போட்டது வீரபத்திரன் காதுக்கும் போயிருந்தது; தெருவில் போனவர் நின்று, "என்னத்தா, சீமைத் துரை வண்டி கட்டிக் கெளம்பிட்டாரா?" என்று கேட்டார்.

புத்தகத்தில் பதில் வராததற்கும் ஒரு கடிதம் இருந்தது. 'உங்களிடமிருந்து பதில் வராதது எங்களுக்கு ஆச்சரியமாக இருக்கிறது.' அந்த வரியை நான் நாலைந்து தரம் வாசித்தேன். திட்டவில்லை, அழவில்லை. ஆச்சரியப்படுகிறது, அவ்வளவுதான். பெரிய கம்பெனியைப் பார்த்து, கரிசல்காட்டில் இருக்கிற ஒருத்தி ஆச்சரியப்படலாம் என்று எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. அதை அப்படியே எழுதிப் போட்டேன்.

எட்டாம் நாள் தபால்காரர் வாசலில் நின்று சத்தமாக வாசித்தார். "மிஸ்டர் ஜே. செல்வி!"

"மிஸ்டர்னா?" என்றாள் ராக்கம்மாள்.

"ஆம்பளையச் சொல்றது."

"ஏ செல்வி, கடுதாசி எழுதி எழுதி மீசை மொளைச்சிருச்சா ஒனக்கு?"

உள்ளே இரண்டே வரி. வியாழக்கிழமை கம்பெனி ஏஜெண்டு வருவார், சரக்கைக் காட்டவும்.

வியாழக்கிழமை உச்சிவெயிலில் குடை பிடித்துக்கொண்டு ஏஜெண்டு வந்தார். பேர் அருஞ்சுனை. பஸ்ஸை விட்டு இறங்கியவர், "செல்வி அய்யா வீடு எது?" என்று கேட்டிருக்கிறார். கேட்டது வீரபத்திரன் காதில் விழ, அவரே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பின்னாலேயே பாதி ஊர்.

"நீங்கதான் எழுதுனீயளா?" என்றார் அருஞ்சுனை. என் பிறந்த ஊர்ப் பக்கத்துப் பேச்சு. இரண்டு வருஷமாகக் கேட்காத பேச்சு. கண் கலங்கப் பார்த்தது. கலங்க விடவில்லை.

"நாந்தான் எழுதுனேன்."

அவர் உள்ளே வந்து, குவியலுக்குள் கையைக் கொடுத்து ஆழத்திலிருந்து பருத்தி எடுத்தார். விரலால் பஞ்சை இழுத்து நீளம் பார்த்தார். நாலைந்து இடத்தில் அப்படியே செய்தார். முகம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து என் கடிதத்தை எடுத்தார்.

"எல்லாம் சரிதான். ஒண்ணு மட்டும் வெளங்கல. 'எந்த மழைக்கும் தாங்கும்'னு எழுதியிருக்கீய. ஆபீஸ்ல எல்லாரும் கூடிச் சிரிச்சோம். பருத்தி எப்படிம்மா மழைக்குத் தாங்கும்?"

குடைக் கடிதத்தின் வரி. அடிக்க விட்டுப்போயிருக்கிறது. வீரபத்திரன் தொடையைத் தட்டிச் சிரித்தார். "கேட்டியளாப்பா! இங்கிலீசுக்காரி பருத்தி மழைக்குத் தாங்குதாம்! வெதைய எங்கன வாங்குன தாயி?"

எனக்குக் காது சுட்டது. ஆனால் பின்வாங்கினால் அத்தோடு முடிந்தது.

"இந்த மாசம் மழை பேஞ்சுது," என்றேன். "இப்பப் பாத்தீகள்ல? ஒரு கொட்டை நனைஞ்சிருக்கா? தாங்கிருச்சு. எழுதுனது சரிதான்."

அருஞ்சுனை என்னையும் கூரையையும் பார்த்தார். "சரி, எடுத்துக்கிடுதேன்," என்றார். "விலை?"

வீரபத்திரன் சிரிப்பை நிறுத்திவிட்டு முன்னால் வந்தார். தோளிலிருந்த துண்டை உதறினார். "கையக் குடுங்க ஏஜெண்டய்யா. அந்தப் பிள்ளைக்கு நான் பேசிவிடுறேன். முறைன்னு ஒண்ணு இருக்குல்ல."

அருஞ்சுனையின் கை பழக்கத்தில் பாதிதூரம் நீண்டுவிட்டது.

"அண்ணே," என்றேன், "கடுதாசி எழுதுனது நான். ஒங்க கைக்கு இங்க வேலையில்ல."

அருஞ்சுனை கையைப் பின்னுக்கு இழுத்தார். அவருக்கும் சங்கடம். என் கையைப் பிடிக்க முடியாது. வாயால் சொன்னால் வாசலில் நிற்கிற அத்தனை வெள்ளாமைச் சம்சாரியும் கேட்பான். நாளைக்கு எல்லாரும் அதே விலை கேட்பார்கள். கொஞ்சம் யோசித்தார். பிறகு முகம் தெளிந்து, என் கடிதத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதி என்னிடம் நீட்டினார். எண் போடவில்லை. எண் போட்டால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். இங்கிலீஷ் வார்த்தையில் எழுதியிருந்தார்.

"வாசிச்சுப் பாருங்க," என்றார். "சம்மதம்னா தலைய மட்டும் ஆட்டுங்க."

நான் மனசுக்குள் கூட்டினேன். ஐம்பது. அதன்பின் எட்டு. பொதிக்கு ஐம்பத்தெட்டு ரூபாய். வீரபத்திரன் ஊர் முழுக்க நாற்பத்தொன்பது சொல்லிக்கொண்டிருந்தார்.

தலையை ஆட்டினால் போதும். என் பருத்தி போய்விடும், மழை பயம் போய்விடும், நான் கூடத்தில் நீட்டிப் படுக்கலாம். ஆனால் வாசலில் ராக்கம்மாள் நின்றாள். இந்த இங்கிலீஷும் ஒரு துண்டுதான் என்று அப்போது தெரிந்தது. இந்தத் தடவை என் கை உள்ளே இருந்தது, அவள் வெளியே நின்றாள்.

காகிதத்தைத் தூக்கிப் பிடித்து வாசித்தேன். "ஃபிஃப்டி எய்ட் ருபீஸ்." பிறகு தமிழில், கடைசியில் நின்றவனுக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "பொதிக்கு அம்பத்தெட்டு ரூவா!"

"என்னம்மா இது!" என்று அருஞ்சுனை பதறினார். "ஒங்களுக்கு மட்டும்னுதான இங்கிலீஷ்ல எழுதுனேன்!"

"தெரியும். அதான் சத்தமா வாசிச்சேன். துண்டை எடுத்துட்டு இங்கிலீசப் போத்துனா, உள்ள பேசுறது அதே பேச்சுத்தான?"

"அம்பத்தெட்டா?" ராக்கம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "எனக்கு நாப்பத்தொம்பதுன்னுதான சொன்னீக? ஏண்ணே, மிச்சம் ஒம்போது யாரு விரலுக்குள்ள நின்னுச்சு?"

"ஏ, பொறு தாயி, வண்டிக்கூலி இருக்கு, எடைக்கூலி..."

"வண்டி என் வண்டிய்யா!" என்று பின்னாலிருந்து நல்லமுத்து கத்தினார். "கூலி நான் வாங்குறதே ஒண்ணரைதான்!"

வீரபத்திரன் துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். தோளில் போட்டுக்கொள்ள அவருக்குத் தோன்றவில்லை.

அருஞ்சுனைக்குக் கோபம் வந்துவிட்டது. குடையைக் கக்கத்தில் இடுக்கினார். "கூட்டத்துல வச்சு விலையக் கூறுனதுக்கு ரெண்டு ரூவா கொறைச்சிக்கிடுவேன்."

"கொறைச்சிக்கோங்க," என்றேன். "அதையும் எழுதிக் குடுங்க. வாசிக்கிறேன்."

ஊரே சிரித்தது. அவர் பென்சிலை எடுத்தார், என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், பென்சிலைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கிளம்பிப் போய்விடுவாரோ என்று நினைத்தேன். அவர் மறுபடி குவியலுக்குப் போய் ஒரு கை பஞ்சை எடுத்து இழுத்துப் பார்த்தார். பஞ்சு நீளமாக வந்தது. நல்ல பஞ்சு. அதை விட்டுவிட்டுப் போக வியாபாரிக்கு மனசு வராது.

"வண்டிக்குச் சொல்லுங்க," என்றார் கடைசியில். "ஆனா இனிமே ஒங்களுக்கு நான் ஒண்ணும் எழுதித் தர மாட்டேன்."

"வேண்டாம். வாயால சொல்லுங்க."

நல்லமுத்து மாட்டை அவிழ்க்க ஓடினார். வீரபத்திரன் எப்போது போனார் என்று நான் கவனிக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு சம்சாரிகள் அருஞ்சுனையைச் சுற்றிக்கொண்டு ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். கை நீட்டியவர்களும் உண்டு. அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

சாயங்காலம் கூடம் காலியாகிக் கிடந்தது. ராக்கம்மாள் வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்தாள்.

"எம் பருத்திக்கும் ஒரு கடுதாசி எழுது. அந்த நாங்கள்ல என்னையச் சேத்துக்க."

"சேத்துக்கிறேன். கையெழுத்து நீதான் போடணும்."

"எனக்கு எங்க எழுதத் தெரியும்?"

ஒரு சாக்கை விரித்துப் போட்டுக் கரிக்கட்டையால் பெரிதாக ஓர் இங்கிலீஷ் எழுத்துப் போட்டேன். "இதான் ஆரு. ஒம் பேரு இதுலதான் தொடங்குது."

ராக்கம்மாள் தலையைச் சாய்த்துச் சாய்த்து அதைப் பார்த்தாள். "ஒரு கால முன்ன வச்சு, சண்டைக்கு நிக்கிறவ மாதிரில்ல இருக்கு," என்றாள்.

கரிக்கட்டையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.