காற்றில் நிற்கும் கூரை

ஹால்ஸ்டன் ஊரில், பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து மைதானத்துக்குக் கூரை போடலாமா வேண்டாமா என்று நகர மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். வேண்டவே வேண்டாம் என்று முதலில் எழுந்து நின்றவள் அர்டிஸ் க்வாமி. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், குரலுக்குப் பேர் போனவள். கடைசி சீட்டில் அடித்துக்கொள்ளும் பையன்களை, கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமலே அடக்கி உட்காரவைக்கிற குரல் அது.

"கூரைக்குக் கீழ ஆடணும்னா கூடைப்பந்து ஆடுங்க. கால்பந்துன்னா மூக்கு உறையணும், தாடியில பனி தொங்கணும். துணியைக் கட்டி உள்ள உட்கார்ந்து பாக்குறதுக்குப் பேரு சர்க்கஸ்! அந்தக் கூடாரத்துக்குள்ள என் கால் படாது, சொல்லிட்டேன்."

கைதட்டல் அவளுக்குத்தான் அதிகம் விழுந்தது. ஓட்டு கூரைக்கு விழுந்தது. வடக்கு டகோட்டாவின் நவம்பர்க் காற்றை வாயால் புகழ்வது வேறு, அதில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பது வேறு என்று ஊருக்குத் தெரிந்திருந்தது.

கூரை வந்தது. அவள் புருஷன் ஓரின், தானியக் கிடங்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன், அங்கே வடக்கு வாசலில் டிக்கெட் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்துகொண்டான். சாப்பாட்டு மேசையில் அவனுக்கு வேறு பேச்சே இல்லை.

"தூணே கிடையாது அர்டிஸ். ஒண்ணுகூட! சுத்தியும் கான்கிரீட் சுவர், மேல இரும்பு வடம், வடத்துக்கு நடுவுல ரெட்டைத் துணி. பெரிய பெரிய விசிறி காத்தை உள்ள தள்ளிக்கிட்டே இருக்கு. அந்தக் காத்துதான் கூரையைத் தூக்கி நிறுத்துது."

"விசிறி நின்னுட்டா?"

"கூரை இறங்கிடும்."

"பாத்தியா!"

"உடனே இல்ல. மெதுவா இறங்கும். எல்லாரும் நடந்தே வெளிய வந்துடலாம்."

"நான் ஓடவும் வேணாம், நடக்கவும் வேணாம். நான்தான் உள்ளயே வரப்போறதில்லையே" என்று அவள் கிழங்கு வாணலியை அவன் பக்கம் தள்ளினாள்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அதற்காக ஆட்டத்தை விட்டுவிட முடியுமா? எங்கள் கல்லூரி அணியான கொக்குகளுக்கு முப்பது வருஷமாகக் கத்தியவள். வீட்டில் ரேடியோவை வைத்துக் கேட்டுப் பார்த்தாள். ஆட்டம் ஏதோ தூர தேசத்தில் நடப்பது போலிருந்தது. அதனால் சனிக்கிழமைகளில் ஓரினை வேலைக்குக் கொண்டுவந்து விட்டதும், தன் பழைய பிக்கப் வண்டியைக் கூரை அரங்கத்தின் சுவரை ஒட்டியே நிறுத்தி, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, அங்கேயே ரேடியோ கேட்க ஆரம்பித்தாள். உள்ளே ஆரவாரம் எழும்போது சுவர் வழியாக ஒரு தடவை, ரேடியோ வழியாக ஒரு தடவை என்று இரண்டு முறை கேட்கும். இவளும் வண்டிக்குள்ளிருந்து கத்துவாள். கண்ணாடியெல்லாம் மூச்சில் மங்கிவிடும்.

ஊர் சும்மா இருக்குமா? வண்டியைக் கடந்து போகிறவர்கள் கண்ணாடியைத் தட்டிவிட்டுத்தான் போவார்கள்.

"என்ன அர்டிஸ், உன் அரங்கத்துல சீட்டு காலியிருக்கா?"

"இருக்கு. குளிருக்குப் பயந்து ஓடுறவனுக்குத்தான் தர்றதில்ல."

பதில் சொல்வதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. குறை வேறு. பழைய திறந்த மைதானத்தில் அவளுக்கு ஒரு பக்கம் ஓரின், இன்னொரு பக்கம் லோவெல் ஸ்டென்ருட் என்ற பார்லி விவசாயி. எத்தனையோ வருஷம் ஒரே கம்பளியை மூன்று பேரும் முழங்காலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். லோவெல்லின் சிவப்புக் கம்பளித் தொப்பிக்கும் கழுத்துத் துணிக்கும் நடுவே இரண்டு கண்ணும் ஒரு மூக்கும்தான் அவள் பார்த்தது. ஆட்டத்தைத் தவிர வேறு பேசியதில்லை. ஆனாலும் பந்து கைமாறும் நொடியில் பக்கத்தில் ஒருவன் மூச்சைப் பிடித்துக்கொள்வது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, வண்டியில் தனியாக உட்கார்ந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. அதை அவள் ஓரினிடம்கூடச் சொல்லவில்லை.

இரண்டாவது வருஷம் டிசம்பரில் அரையிறுதி ஆட்டம் ஹால்ஸ்டனுக்கே வந்தது. எதிரே கார்வல் கல்லூரிக் கரடிகள். காலையிலிருந்தே பனி கொட்டியது. பழைய மைதானமாக இருந்தால் கோடு எங்கே, பந்து எங்கே என்று தெரிந்திருக்காது. அர்டிஸின் வண்டிக்குள் ரேடியோ மட்டும் வெயிலில் ஆடுவது போல உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தது.

ஆட்டம் முடியும் தறுவாய். கொக்குகள் நான்கு புள்ளி முன்னே. பந்து கரடிகள் கையில். கோட்டுக்குக் கிட்டத்தில் வந்துவிட்டார்கள். பந்தோடு அதைத் தாண்டினால் ஆறு புள்ளி, கதை முடிந்தது.

"கரடிகள் வரிசையில் நிற்கிறார்கள்..." என்றது ரேடியோ. அதோடு செத்தது.

அர்டிஸ் அதைத் தட்டினாள், குத்தினாள். சாவியைத் திருகினாள். வண்டி ஒரு முறை இருமிவிட்டு அடங்கியது. பாட்டரி போய்விட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் பதினையாயிரம் பேர் போடும் கூச்சல் உறுமலாக வந்தது. அது சந்தோஷமா, பயமா என்றே புரியவில்லை. இரண்டு நொடி பொறுத்திருப்பாள். கம்பளியோடு இறங்கி, முழங்கால் அளவுப் பனியில் வடக்கு வாசலுக்கு ஓடினாள்.

அந்த அரங்கத்துக்குச் சாதாரணக் கதவு வைக்க முடியாது. திறந்தால் காற்று வெளியேறிவிடும். அதனால் எல்லாம் சுழலும் கண்ணாடிக் கதவு. அர்டிஸ் ஒரு கட்டத்துக்குள் நுழைந்து பாதி சுற்றினாள். அங்கே சொன்ன சொல் ஞாபகம் வந்துவிட்டது. நின்றாள். கதவும் நின்றது.

உள்ளேயிருந்து ஓரின் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு பார்த்தான்.

"அர்டிஸ்! ஒண்ணு உள்ள வா, இல்ல வெளிய போ!"

"ரெண்டும் மாட்டேன். பந்து எங்க இருக்குன்னு மட்டும் சொல்லு!"

"எனக்கெப்படித் தெரியும்? நான் உன்னைப் பாத்துட்டு நிக்கிறேன்."

"திரும்பிப் பாரேன்யா!"

எதிர்க் கட்டத்தில் வெளியே போகக் கிளம்பிய ஒரு தடித்த மனிதர் மாட்டிக்கொண்டிருந்தார். பற்ற வைக்காத சிகரெட் வாயில். "தாயே" என்றார் கண்ணாடி வழியாக, "ஒரு சிகரெட் பிடிக்கலாம்னு வந்தேன். அதுக்கு ஆயுள் தண்டனையா?"

"கொஞ்சம் பொறுங்க."

"உள்ள நடக்குற ஆட்டத்தைப் பாத்து எனக்கு நெஞ்சு படபடங்குது. பொறுக்க முடியாமத்தான் வெளிய போறேன்" என்று சொல்லி, மனிதர் தோளைக் கொடுத்துக் கதவை ஒரே தள்ளாகத் தள்ளினார். அவர் பனியில் போய் விழுந்தார். அர்டிஸ் உள்ளே வந்து ஓரின் மேல் விழுந்தாள்.

முதலில் அவளைப் பிடித்தது சத்தம். திறந்த மைதானத்தில் கத்தினால் காற்று அள்ளிக்கொண்டு போய் கோதுமை வயலில் கொட்டிவிடும். இங்கே கத்தியது எங்கும் போகவில்லை. மேலே ஏறி, துணியில் மோதி, திரும்பித் தலையிலேயே இறங்கியது. காலடியில் கான்கிரீட் அதிர்ந்தது. அவள் தடுப்புக் கம்பி வரைக்கும் நடந்து போனாள். கீழே பச்சைத் தரை, வகிடு எடுத்தாற்போல வெள்ளைக் கோடுகள். மேலே அந்தப் பெரிய வெள்ளை வளைவு. வெளியே பனியாகக் கொட்டிய அதே வெளிச்சம் இங்கே பால் நிறத்தில் வடிந்து எல்லார் மேலும் சமமாக விழுந்தது. ஆடுகிறவன் யாருக்கும் நிழலே இல்லை. நடுவில் தூண் இல்லை, கம்பம் இல்லை. எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் அவ்வளவு பேரும் அவ்வளவு பேரையும் பார்க்கலாம்.

கரடிகளின் கடைசி முயற்சி. அவளுக்கு நேர் கீழே, கூப்பிடு தூரத்தில், எழுபத்தொன்று எண் போட்ட மலைபோன்ற பையன் குனிந்து நின்றான். அர்டிஸுக்கு அதற்கு மேல் எதுவும் ஞாபகமில்லை. முப்பது வருஷமாகக் கத்துகிறதைத்தான் கத்தினாள்.

"ஏய் எழுபத்தொண்ணு! அடுப்பை அணைச்சிட்டு வந்தியாடா?"

இத்தனை காலத்தில் எந்த ஆட்டக்காரனும் அவள் குரலுக்குத் திரும்பியது கிடையாது. இவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். தடுப்பு ஓரத்தில் கம்பளியோடு நிற்கும் பெண்பிள்ளையைப் பார்த்தான். அதே சமயம் பந்தை எப்போது எடுப்பது என்று அவனுடைய தலைவன் கூவிய எண் எதுவும் அந்தச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. பந்து புறப்படுவதற்கு முன்னாலேயே எழுபத்தொன்று துள்ளிவிட்டான். தப்பு என்று நடுவர் மஞ்சள் துணியை வீசினார். ஐந்து கெஜம் பின்னே போ என்றார்.

அந்த ஐந்து கெஜம்தான் ஆட்டம். அடுத்து வீசிய பந்து கோட்டுக்கு முன்னாலேயே தரையில் விழுந்தது; கொக்குகள் ஜெயித்துவிட்டார்கள்.

அர்டிஸ் வாயைப் பொத்திக்கொண்டு, கூடவே ஓடி வந்திருந்த புருஷனைப் பார்த்தாள். "ஓரின், அந்தப் பையனுக்கு நான் பேசினது கேட்டுடுச்சு."

"கார்வல்ல இருக்குற அவன் அம்மாவுக்கே கேட்டிருக்கும்."

பின்னாலிருந்து யாரோ, "இந்தக் குரல் எனக்குத் தெரியுமே!" என்றார்கள். திரும்பினால் வெறும் சட்டையோடு ஒரு மனிதர், பளபளவென்ற வழுக்கைத் தலை, பெரிய காது, கன்னத்தில் குழி. அர்டிஸ் விழித்தாள். கண்ணையும் மூக்கையும் பார்த்த பிறகுதான் பிடிபட்டது.

"லோவெல்? நீயா? உனக்கு முடியே இல்லையா?"

"உன்னை முதல்ல பாத்தப்போ இருந்தது."

"இவ்வளவு வருஷம் சொல்லவேயில்லையே!"

"நீ எப்ப என்னைப் பேச விட்டே?"

மூன்று பேரும் சிரித்தார்கள். லோவெல் அவளுடைய கோட்டை வாங்கி நாற்காலியில் போட்டார். கால்பந்து பார்க்க வந்த இடத்தில் கோட்டைக் கழற்றுவது அவளுக்கு அதுதான் முதல் தடவை. கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. கூட்டம் கலைகிற வரைக்கும் உட்கார்ந்து பேசினார்கள். லோவெல்லின் மனைவி இறந்து ஏழு வருஷம் ஆகிறது என்பதும், லெஃப்சா என்ற நார்வே உருளைக்கிழங்கு ரொட்டியை அவர் தன் கையாலேயே சுடுவார் என்பதும் அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அவரைக் கூப்பிட்டுவிட்டாள்.

ஊர் ஒரு வாரம் சிரித்தது. "சர்க்கஸ் எப்படி இருந்துச்சு?" என்று பலசரக்குக் கடையில் கேட்டவனுக்கு, "நல்லாத்தான் இருந்துச்சு, கோமாளி சீட்டு மட்டும் காலியா இருந்துச்சு, உன்னைத் தேடினாங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

கதை அங்கே முடிந்திருக்கலாம். ஆனால் ஜனவரியில் பெரிய பனிப்புயல் அடித்தது. உள்ளே யாரும் இல்லாத ஒரு விடியற்காலையில், பனியை உருக்க இரட்டைத் துணிக்கு நடுவே விட்ட சூடான காற்று போதாமல், மேற்குப் பக்கம் பனி குளமாகத் தேங்கிப் பாரம் இழுத்தது. இரண்டு இடத்தில் துணி கிழிந்தது. ஓரின் சொன்னது போலவே மெதுவாக, ஒரு பெருமூச்சு விட்டதுபோல, கூரை இறங்கி இருக்கைகளின் மேல் படுத்துக்கொண்டது.

"உன் வாய் பலிச்சிடுச்சு அர்டிஸ்" என்றார்கள் ஊரில். "இப்ப திருப்தியா?"

அவளுக்குத் திருப்தியாக இல்லை. போய்ப் பார்த்தாள். வானம் தெரிந்த அந்த அரங்கம் அவள் கேட்ட அரங்கமேதான். ஆனாலும் சொந்த வீட்டின் ஓடு பிரிந்து கிடப்பதைப் பார்ப்பது போலிருந்தது. பனி வாரக் கூப்பிட்டபோது மண்வெட்டியோடு முதல் ஆளாகப் போய் நின்றாள். லோவெல் அவளுக்குப் பக்கத்து வரிசையை வாரினார்.

"திறந்த மைதானம் வேணும்னியே, கிடைச்சிடுச்சு" என்றார்.

"வாயை மூடிட்டு அள்ளு. உன் தலை உறையப்போகுது."

கிழிந்த இடங்களுக்குப் புதுத் துணி வந்து சேர மார்ச் ஆகிவிட்டது. விசிறிகளைப் போடப் போகிறார்கள் என்று ஓரின் சொன்ன காலை, எதிர்ப்பக்கக் கார் நிறுத்தத்தில் பாதி ஊர் கூடிவிட்டது. முதலில் ஒன்றுமே நடக்கவில்லை. உள்ளே ஏதோ பெரிய மிருகம் மூச்சுவிடுவது போன்ற ஓசை. பிறகு நடுவில் துணியில் ஒரு சுருக்கம் விரிந்தது. அப்புறம் இன்னொன்று. இரவில் கரைத்து வைத்த மாவு பொங்கி வருவது போல, சுவர் விளிம்புக்கு மேலே ஒரு வெள்ளை மேடு எட்டிப் பார்த்தது.

"ஏறுது!" என்றான் ஓரின்.

"மேற்குப் பக்கம் இன்னும் தொங்குதே" என்றாள் அர்டிஸ்.

"பொறு."

மேடு வளர்ந்தது. ஒட்டிக்கொண்டிருந்த பனிக்கட்டிகள் சறுக்கி, சுவர் ஓரம் தொப்புத் தொப்பென்று விழுந்தன. வடங்கள் ஒவ்வொன்றாக விறைத்தன. மேற்குப் பக்கம் மட்டும் குழி விழுந்தபடி அடம்பிடித்தது. எல்லாரும் அதையே பார்த்தார்கள். பக்கத்தில் லோவெல் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது அர்டிஸுக்குக் கேட்டது. அவளும் பிடித்துக்கொண்டாள்.

பெரிய கப்பல் பாய் காற்றை வாங்கியது போல 'படார்' என்று குழி நிமிர்ந்தது. கூரை முழு வட்டமாக, மார்ச் மாத வெயிலில் கண் கூச நின்றது. அர்டிஸ் போட்ட கூச்சலில் முன்னால் நின்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"சரி, நின்னுடுச்சு" என்றான் ஓரின் கைகளைத் தேய்த்தபடி. "வீட்டுக்குப் போலாமா? குளிருது."

"போலாம். இன்னும் கொஞ்ச நேரம் பாத்துட்டுப் போலாம்" என்றாள் அவள்.